வாசலில் ஆயரின் இலச்சினை

16.8.2007, வியாழன்

நாளை பள்ளிக்கு ஆயர் வருகிறார். வாசலில் அவருடைய இலச்சினையைக் கோலப்பொடியில் போடும் வேலை என்னுடையது. பச்சைத் தொப்பி, இரண்டு பக்கமும் ஆறாறு குஞ்சம், நடுவில் கேடயம், அதற்குள் எங்கள் திண்டுக்கல் மலை. எல்லாம் நன்றாக வந்தது. கேடயத்துக்குப் பின்னால் நிற்கும் சிலுவையை மட்டும் நான் போடவில்லை.

தலைமையாசிரியை சிஸ்டர் வந்து பார்த்தார். "ஏ பிள்ள, சிலுவைய எங்க காணோம்?"

"ஆயரோட கார் இதுமேலதான் ஏறும் சிஸ்டர். மலைன்னா பரவால்ல, எல்லாரும் ஏறத்தான செய்றோம். சிலுவைய எப்படி மிதிக்க?"

"அம்புட்டுப் பெரியாளாயிட்டியா? போப்பாண்டவருக்கே பாடம் எடுப்ப போல. காலையில போட்டு முடி. இல்லேன்னா உங்கப்பாவ இனி வேலைக்கு வர வேணாம்னு சொல்லிரு."

அப்பாதான் அங்கே வாட்ச்மேன். கேட்டருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவர் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம்தான். ஆனாலும் சிலுவைக்கு வைத்திருந்த மஞ்சள் பொடியைப் பாவாடையில் முடிந்து கொண்டுவந்துவிட்டேன். இப்போது பொட்டலமாகத் தலையணைக்கு அடியில் இருக்கிறது. படுக்கும் முன் அப்பா அதைப் பார்த்தார். "பொட்டலத்த இறுக்கிக் கட்டு, பாயில கொட்டிறப் போகுது" என்று மட்டும் சொன்னார்.

காலையில் சிஸ்டர் வேறு பொடி வாங்கி வரலாம். வாங்கட்டும். போடுவதற்கு வேறு கையையும் தேடிக்கொள்ளட்டும்.