என் அறையின் கிழக்குச் சுவர்

ஆனி 24, திங்கள்

விடிந்ததிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. கதவுகள் தாமாகவே அறைந்துகொள்கின்றன. எலெக்ட்ரீஷியன் ஜாபர் கோட்டைமேட்டிலிருந்து வந்தார். வீட்டின் பழைய வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும். கூடவே இன்டர்நெட்டுக்குத் தனி வயர். ஆடி பிறந்துவிட்டால் சுவரில் கை வைக்கக் கூடாதாம். ஆகவே இந்த அவசரம். உத்தரவு பெங்களூரிலிருந்து, மகன் முரளி, வீடியோ காலில்.

அவர் சொன்னதில் விளங்கியவை: ஃபேன், லைட். விளங்காதவை: மற்றதெல்லாம்.

வைஃபை வயரில்லாமல் வருவதுதானே, பின் வயர் எதற்கு என்றேன்.

"வயரில்லாம வர்றதுக்குத்தானுங்கம்மா இந்த வயரு."

நான் கணிதத்தில் முதுகலை. காபி போட எழுந்துவிட்டேன்.

ஆனி 25, செவ்வாய்

காற்று ஓயவில்லை. மூட்டுவலித் தைலம் தீர்ந்தது.

முன்னறை என்னுடையது, தெருவைப் பார்த்த ஜன்னல். கட்டிலின் தலைமாட்டில், கிழக்குச் சுவரில், படிக்க ஒரு விளக்கு வேண்டும் என்றேன். "சரிங்கம்மா." வெள்ளைச் சாக்பீஸில் கோடு.

மாலை முரளி, ஜாபரிடம் போனில்: அதே சுவரில், மேசை உயரத்தில், நான்கு நெட் பாயின்ட். "சரிங்க சார்." நீலக் கோடு, என் கோட்டின் குறுக்காக.

என் தலைமாட்டில் நான்கு நெட் பாயின்ட் யாருக்கு? இரண்டு முறை யோசித்தேன். பிடிபடவில்லை.

ஆனி 27, வியாழன்

பக்கத்துப் பட்டறையில் லேத் சத்தம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ஏனுங்க ஜாபர், ஒரே செவுத்துல ரெண்டு பேரு சொன்னதையுமா போடுவீங்க?"

"பெரியவங்க சொல்றப்ப மாட்டேன்னு எப்பிடீங்கம்மா சொல்றது?"

"அவனுக்கும் சரின்னீங்களே?"

"சாரும் சொல்றாருங்களே!"

இந்த ஊரில் யாரும் மறுத்துச் சொல்லமாட்டார்கள். சுவர்தான் அனுபவிக்கிறது.

பிறகு அவராகவே: "இது சாரோட ஆபீஸ் ரூமுங்களே. இங்கயே வந்து வேலை பாக்கப் போறாராமா. உங்களுக்குப் பின்னாடி ரூமுன்னாரு. தெரியாதுங்களா?"

தெரியாது. பின்னறை: கிரைண்டர், தேங்காய்க் குவியல், ஜன்னலுக்கு நேரே அடுத்த வீட்டு மதில். என்னிடம் கேட்கப்பட்டது சுவிட்ச் என்ன நிறம் என்பது மட்டும்.

மகன் வருகிறான் என்றால் மகிழ வேண்டுமே. மகிழ்ச்சியா, கோபமா? பிரித்தறிய முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அது சாம்பாரின் குற்றமாகவும் இருக்கலாம்.

ஆனி 28, வெள்ளி

தூறல். முரளியைக் கூப்பிட்டேன்.

"உனக்குப் பாத்ரூம் பக்கத்துல இருக்கட்டும்னுதாம்மா..."

"வர்றதுன்னா வா. என் ரூமு எனக்கு."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"பின்னாடி. கிரைண்டர எடுத்துப்போடறேன்."

"அது இருட்டும்மா!"

"எனக்கு மட்டும் வெளிச்சமா இருக்குமாக்கும்?"

  போனை நான்தான் வைத்தேன்.

ஜாபர் வெட்டும் மெஷினுடன் நின்றார். "எந்தக் கோட்டை வெட்டறதுங்க? சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"வெள்ளை. வெட்டுங்க."

"சரிங்கம்மா."

வெட்டினார். தலையணை, புத்தகம், கண்ணாடி எல்லாம் செங்கல் தூசி. நீலக் கோட்டை ஈரத்துணியால் நானே துடைத்தேன்; முழுதாகப் போகவில்லை.

முரளி எப்போது வருகிறான் என்று கேட்கவே இல்லை.