கிள்ளிப்போட்ட நோய்

மார்ச் 4
விதைத்தாயிற்று. பன்னிரண்டு பாத்தி, பன்னிரண்டு ரகத் தண்டுக்கீரை. நடுநடுவே நோய் வரிசை. தும்மினாலே வெள்ளைத் துரு பிடிக்கிற நோஞ்சான் ரகம் அது. நோயை வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. அத்தனையையும் தாங்கி ஒரு ரகமாவது நிற்க வேண்டும். இல்லையென்றால் இந்த நிலம், பக்கத்து வயலில் தக்காளி ரகங்களை ஆராயும் தக்காளிக்காரருக்கு. ஆராய்ச்சிப் பண்ணை இயக்குநர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தக்காளிக்காரர் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்.

மார்ச் 23
நாலாம் எண் தளதளவென்று ஒரு சாண் உயரம். என் தங்கம்! ஓரத்துப் பன்னிரண்டாம் எண் குள்ளன், நாலு விரல் உயரம்கூட இல்லை. பிடுங்கிவிடலாம் என்று களையெடுக்கும் அக்காவிடம் சொன்னேன். எப்போது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 30
நோய் வரிசையில் முதல் வெள்ளைப் பொட்டு! வீட்டுக்கு வந்து குதித்தேன். மனைவி நர்ஸ். "நோய் வந்ததுக்குக் குதிக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றாள்.

ஏப்ரல் 9
இரண்டு நாள் வெளியூர்க் கூட்டம். திரும்பி வந்து பார்த்தால் நோய் வரிசை பளிச்சென்று இருக்கிறது. ஒரு பொட்டு இல்லை. வெள்ளிக்கிழமை இயக்குநர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, அக்கா நோய் இலையையெல்லாம் ஒன்றுவிடாமல் கிள்ளி எடுத்துவிட்டாராம்.

"பெரியவர் முன்னாடி உங்க மானம் போயிடக் கூடாதேன்னுதான் சார்."

கத்திவிட்டேன். "அந்த நோய்க்காகத்தானே ஒரு மாசமா தவம் கிடக்கேன்!"

"நோயை ஆசைப்பட்டு வளப்பாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சொல்லவில்லை. இந்தப் பருவம்தான் வேலைக்கு வந்தவர். யார் மேல் தப்பு?

ஏப்ரல் 10
போச்சு. எல்லாம் போச்சு.

ஏப்ரல் 11
இயக்குநரிடம் உண்மையைச் சொன்னேன். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்" என்றார். தக்காளிக்காரர் டேப்பை வைத்து வேலியோரத்தை அளந்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் 13
அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்படியே, கிள்ளிய இலையை எங்கே போட்டார் என்றும் கேட்டேன்.

"அந்தக் குட்டையன் மேலதான். அதை எப்படியும் பிடுங்கணும்னீங்களே!"

ஓடினேன். இரண்டு சாக்கு நோய் இலை, மேலே நான்கு நாள் தூறல். மொத்த வயலின் நோயும் ஒரே பாத்தியில்! இலைகளைப் புரட்டிப் பார்த்தேன். இதுவரை ஒன்றுமில்லை. அவசரப்படாதே, பொறு.

ஏப்ரல் 24
நாலாம் எண்ணில் துரு; அக்கா கிள்ளுவதற்கு முன்பே காற்றில் பரவியிருக்கிறது. என் தங்கம் பித்தளையாகிவிட்டது. மற்ற பத்திலும் அங்கங்கே பொட்டு. குள்ளனில் இருநூறு இலையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு கிடையாது! அக்காவும் என்னோடு குனிந்து எண்ணினார். எடைதான் நாலாம் எண்ணில் பாதி.

ஏப்ரல் 29
ஒரு தடவை நின்றால் போதாது, அடுத்த பருவமும் நிற்கட்டும் என்றார் இயக்குநர். நியாயம்தான். நிலம் அதுவரை எனக்கே! கூடவே நாலாம் எண்ணுக்கும் குள்ளனுக்கும் கலப்பு. "உயரப் பொருத்தம் சரியில்லையே சார்" என்றார் தக்காளிக்காரர். நானும் சிரித்தேன்.

ஜூலை 6
மறுபடி விதைத்து ஒரு மாதம். சாப்பிட உட்கார்ந்தேன், போன். எடுத்ததும் அக்காவின் கூச்சல், மனைவிக்கும் கேட்டிருக்கும்.

"சார், வந்துடுச்சு! நோய் வரிசையில நோய் வந்துடுச்சு! சும்மா பூத்த மாதிரி வந்திருக்கு, நான் ஒரு இலையைக்கூடத் தொடலை, சீக்கிரம் வாங்க!"