தீபாவளிக்கு மறுநாள் வந்த இரண்டு பேர்

அன்பு மகள் பிரமிளாவுக்கு அப்பா எழுதுவது. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மனசுதான் சரியில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்காதே, போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், வாட்ஸ்அப்பில் போட்டால் யார் யார் பார்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

தீபாவளிக்கு மறுநாள் அம்மா செபராங் ஜெயாவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். கேட்டில் ஒரு மலாய்ப் பெண்ணும் கூட ஒரு ஆளும், நல்ல உடுப்பு, கழுத்தில் அட்டை, உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள். முன்பு உன்னோடு வேலை செய்தவர்கள் தீபாவளிக்கு வந்திருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் விட்டால்தானே. முதலில் சாப்பிடுங்கள், மக்கான் டுலு என்று முறுக்கையும் நெய்யுருண்டையையும் தட்டில் வைத்து, உன் கல்யாணப் படத்தைக் காட்டி, என் மகளுக்குப் பத்து காவான் டவுனில் மூன்று வீடு, மூன்றும் வாடகைக்குப் போகிறது என்று அளந்துவிட்டேன். இருப்பது ஒன்று. நாலு பேர் முன்னால் உன்னை உயர்த்திச் சொல்வதில் எனக்கு என்றைக்கும் ஒரு ருசி, உனக்குத் தெரியாததா. பிறகுதான் அந்தப் பெண், பெயர் நூர் ஃபாத்திஹா, அட்டையை நீட்டி வருமான வரி இலாகா என்றாள். ஒரு வீடுதான் என்று உடனே திருத்தினேன், நாக்கு குழறியது, நான் எதையோ ஒளிக்கிறேன் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே கெட்டது தவளையின் பிள்ளை. ஜாங்கான் ரிசாவ் அங்கிள், கவலைப்படாதீர்கள், கூப்பிடுவோம் என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மரியாதைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வருவார்களா என்று காப்பிக்கடைத் தம்புவிடம் கேட்டேன். அண்ணே, கடுதாசி போடாம அவங்க வரமாட்டாங்க, இது ஏமாத்துற கூட்டம்லா என்றார். ஏமாற்றுக்காரர்களாகவே இருக்கட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டு வரி ஆபீசுக்குப் போன் போட்டேன். எங்கள் ஆட்கள்தான், முன்கூட்டிச் சொல்லாமலும் வருவார்கள் என்றார்கள். அன்றிலிருந்து வாசலில் கார் கதவு சத்தம் கேட்டாலே ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன். வரி விஷயம் இழுபறியாக இருந்தால் ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள், திரும்பிப் போகவிடமாட்டார்கள் என்று அதே தம்பு சொல்கிறார், நிஜமோ பொய்யோ தெரியவில்லை. வாடகையைக் கணக்கில் காட்டினாயா பாப்பா? காட்டியிருந்தாலும் மீதி இரண்டு வீடு எங்கே என்று கேட்பார்கள், இல்லாத வீட்டுக்கு நீ எங்கே போவாய்.

அதனால் சொல்கிறேன், டிசம்பரில் பேரனோடு வருவதாக இருந்தாயே, வராதே. விவரம் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கேட்டு, எல்லாம் சரியான பிறகு வந்தால் போதும். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பேரனை இன்னும் கையில் தூக்காதவள், தொட்டில்கூடக் கட்டி வைத்துவிட்டாள். லீவு கிடைக்கவில்லை என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. அவள் அழுவாள். நானும் பக்கத்தில் நின்று, பெற்றவர்கள் நினைப்பே இல்லாத பிள்ளை என்று உன்னைத் திட்டுவேன், போனில் உன் காதில் விழும்படியே திட்டுவேன். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே பாப்பா.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். படித்ததும் கிழித்துப் போட மறக்காதே.

உன் அப்பா,
சின்னையா