பேசின் அடைத்துக்கொண்டது மச்சான்

என் அன்புக்கும் நேற்று முதல் என் கோபத்துக்கும் உரிய மச்சானுக்கு,

சௌக்கியமா என்று கேட்டு எழுத முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். ஓடைப்பட்டி வீட்டில் நீங்களே உங்கள் கையால் மாட்டிய வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்யப் போய் நேற்று ஒரு பகல் முழுக்க உங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒரு பிளம்பரைக் கூப்பிட்டிருந்தால் அரை நாள் வேலை. கூப்பிட்டீர்களா? "தோட்டம் பூராம் சொட்டுநீர்க் குழா போட்டவனுக்கு ஒத்தப் பேசின் மாட்டத் தெரியாதா மாப்ள?" என்று என்னிடமே கேட்டீர்கள். நான் பழனிசெட்டிபட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், எனக்குப் பைப்பைப் பற்றி என்ன தெரியும்? திராட்சைத் தோட்டத்தில் மிச்சமாகிக் கிடந்த பைப்பு, வளைவுப் பைப்பு, கறுப்பு ஹோஸ் எல்லாவற்றையும் கொண்டுவந்து பாத்ரூமுக்குள் இறக்கினீர்கள். கழற்றுகிற மாதிரி ஒரு திருகாவது வைத்தீர்களா? எல்லா மூட்டிலும் சொல்யூஷனை அப்பி ஒட்டிவிட்டு, "இனி ஒரு சொட்டு ஒழுகட்டும் பாப்போம்" என்றீர்கள். ஒழுகவில்லைதான். உள்ளே விட்ட தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகவும் இல்லை.

இதற்கெல்லாம் நான் இவ்வளவு கோபப்படுவேனா? அக்கா போன வாரம் போனில் சொன்னதைக் கேட்டால் நீங்களே பதறிப்போவீர்கள்.

"ஏலே தவமணி, நான் வீட்டப் பூட்டிட்டு ஒங்கிட்டயே வந்துர்றேன். பேசின் அடச்சுக்கிருச்சு. பின்னாடி அவுக வச்ச திராட்சக் கொடி காஞ்சுக்கிட்டு வருது. தல வாருனா முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. இத்தன வருசத்துல இதுல ஒண்ணாச்சும் நடந்திருக்கா? அவுக போனதும் இந்த வீட்டுக்கு என்னப் பிடிக்காமப் போச்சு."

வா அக்கா, இதுவும் உன் வீடுதான் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, நீங்களும் போய்ச் சேர்ந்தாயிற்று. தனியாக இருக்கிற பொம்பளையை அங்கேயே இரு என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனால் எனக்குத் தெரியும் மச்சான். இந்தத் தடவை தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டி முடித்ததுகூட அக்காதான். வரப்பில் நின்று ஆள்களை அவள் விரட்டியதைப் பார்த்தவர்கள் என் கடைக்கே வந்து சொன்னார்கள். அப்படிப்பட்டவள் என் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தால் ஒரே வருஷத்தில் கிழவியாகிவிடுவாள். ஒரு பேசின் அடைத்ததற்காக அவள் வீட்டை விடுவதா என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

நேற்றுக் காலை கடையை மனைவியிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். உங்கள் வீட்டில் எனக்கு என்ன பழக்கம்? மச்சினன் வந்தால் உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒரு செம்பைக்கூட நகர்த்தி வைக்க விடமாட்டீர்கள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்பானரை எடுத்ததும் அக்கா மறித்தாள்.

"கீழ வைலே அத. மச்சினன் கையில ஸ்பானரக் குடுத்தேன்னு தெரிஞ்சா அவுக வைவாக."

"வைய ஆளு இருந்தா நான் எதுக்குக்கா இதத் தொடப் போறேன்?" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மச்சான், நான் செய்யாதது ஒன்றும் இல்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். ஆப்பசோடாவைப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். அது பொங்கிய பொங்கலைப் பார்த்து ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், நுரை அடங்கியதும் தண்ணீர் பழைய மட்டத்திலேயே நின்றது. ரப்பர் பம்பை வைத்து அழுத்தினேன், அழுக்குத் தண்ணீர் என் மூஞ்சியில் அடித்தது. கட்டுக்கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தால் கம்பி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, எங்கேயும் முட்டவில்லை. கடைசியில் தேனியில் எனக்குத் தெரிந்த பிளம்பருக்குப் போன் போட்டேன். "ஒட்டுன பைப்ப அறுத்துத்தாண்ணே எடுக்கணும்" என்றான். அக்கா காதில் அது விழுந்துவிட்டது.

"அவுக வச்சத அறுக்கவா? அதுக்கு நான் வீட்டப் பூட்டிட்டே வந்துர்றேன்."

இதற்கு மேல் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? கோபத்தில் வெளியே வந்து, சுவரைத் துளைத்து வருகிற அந்தக் கறுப்பு ஹோஸைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். சாக்கடைக்குத்தான் போகும் என்று நினைத்தேன். அது சாக்கடைப் பக்கமே திரும்பவில்லை. கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், கவிழ்த்து வைத்த ஒரு சிமெண்டுச் சட்டிக்குள் நுழைந்தது. சட்டியைப் புரட்டினால் உள்ளே தோட்டத்து ஃபில்டர்! சொட்டுநீர்க் குழாய்க்குத் தூசி போகாமல் மாட்டுவோமே, அதே சல்லடை ஃபில்டர். அதிலிருந்து கிளம்பிய ஹோஸ் நேரே திராட்சைக் கொடியின் தூருக்குப் போகிறது.

பேசின் தண்ணீரைக் கொடிக்கு விட்டிருக்கிறீர்கள்! உலகத்தில் யாராவது கைகழுவுகிற தொட்டிக்கு ஃபில்டர் வைப்பார்களா? சோப்பு நுரையும் சவரம் பண்ணிய தண்ணீரும் குடித்து வளர்ந்த கொடி அது. அந்தப் பழத்தைத்தானே வருஷா வருஷம் என் பிள்ளைகளுக்குக் கூடை கூடையாகக் கொடுத்து அனுப்பினீர்கள்? நானும் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, கடைப் பழத்தில் இந்த ருசி வராது என்று சப்புக்கொட்டித் தின்றேனே. ஒரு வார்த்தை சொன்னீர்களா?

ஃபில்டர் மூடியைத் திருகியதும் தண்ணீர் பீறிட்டு வேட்டியை நனைத்தது. உள்ளே சல்லடை தெரியாத அளவுக்கு முடி. நீள நீளமான முடி, அக்காவின் முடி. பேசின் கண்ணாடி முன்னால் நின்றுதானே அவள் தலை வாருவாள்.

துலக்க எதையாவது தேடினேன். பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி, அதில் பழைய டூத் பிரஷ் ஒன்றை நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தேன். டப்பா நிறைய முடிச்சுருள்கள், ஒவ்வொன்றும் விரலில் சுற்றி அழகாக முடிந்தது. உதிர்ந்த முடி வீட்டில் பறந்தால் சண்டை வரும் என்று, சீப்பில் வருகிற ஒன்றிரண்டு முடியை அக்கா அப்படித்தான் சுற்றிச் செருகி வைப்பாள், அதைப் பார்த்து நீங்களும் சுற்றியிருக்கிறீர்கள். டப்பா மூடியில் தூசி படிந்திருந்தது. அடியில் கிடந்தது எல்லாம் கறுப்பு, மேலே வர வர நரை.

நீங்கள் தினமும் விடியற்காலையில் "கொடிக்குத் தண்ணி பாத்துட்டு வந்துர்றேன்" என்று பின்பக்கம் போனது இதற்குத்தானா மச்சான்?

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு சுருளை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

"இது என் முடிலே."

"ஆமாக்கா."

"அப்ப எனக்கு அவுக இருக்கும்போதே கொட்டியிருக்கா?"

அடியில் கிடந்த ஒரு கறுப்புச் சுருளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"கேக்கும்போதெல்லாம் ஒனக்கு ஒத்த முடி கொறையலன்னு சொன்னாக. ஊருக்கு முன்னாடியும் அதத்தான் சொன்னாக. பொய்யாலே சொல்லிருக்காக! காலங்காத்தால இங்கன வந்து உக்காந்து இந்த வேலதான் பாத்தாகளா? இந்த மனுசன என்ன செஞ்சாத் தகும்?"

அப்புறம் வைதாள் பாருங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. உங்கள் மீசையை, உங்கள் ஹோஸை, உங்கள் சொல்யூஷன் டப்பாவை, எதையும் விடவில்லை. நீங்கள் போனதிலிருந்து அவள் அழத்தான் அழுதாள். உங்களை வைதது நேற்றுத்தான். கேட்கக் கேட்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

சல்லடையைத் தேய்த்துக் கழுவி மாட்டினேன். உள்ளே பேசினில் தேங்கிய தண்ணீர் களகளவென்று இறங்குகிற சத்தம் கொல்லை வரைக்கும் கேட்டது. சற்று நேரத்தில் கொடியின் தூரில் மண் கறுத்தது. கணுவில் ஒரு இடத்தில் இன்னும் பச்சை இருக்கிறது, நகத்தால் கீறிப் பார்த்துவிட்டேன்.

"துணிமணிய எடுத்து வைக்கா, சாயங்காலம் பஸ்ஸுக்குப் போயிரலாம்" என்றேன். பிரஷ்ஷைக் குப்பையில் போடலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"அத எங்கனலே கொண்டு போற? அங்கனயே மாட்டு. காலைல எனக்கு வேணும்."

மாட்டிவிட்டு, சாயங்காலம் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

ஒன்று சத்தியம் செய்கிறேன் மச்சான். நீங்கள் ஒட்டியதை யாரையும் அறுக்க விடமாட்டேன். கொடி தளிர்த்துக் காய்த்தால் முதல் கொத்து உங்கள் படையலுக்கு. சோப்புத் தண்ணீர் குடித்த பழம்தான், வாயை மூடிக்கொண்டு நீங்களும் சாப்பிடுங்கள். மிச்சத்தை, எல்லாம் தெரிந்தும், நான் சாப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் முதன்முதலாகக் கை அழுக்கான உங்கள் மச்சினன்,
தவமணி