கைப்பிடி இல்லாத படிகள்

ஆகஸ்ட் 4

அன்புள்ள என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். காலும் தன் பங்குக்கு வலித்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறது. போனில் பேசினால் எனக்கு அழுகை வரும், உங்களுக்குக் கோபம் வரும். அதனால்தான் கடிதம்.

போன மாதம் முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து குட்மார்னிங் சொன்னார்கள். பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். கைத்தடியைச் சாத்திவிட்டுக் கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. முப்பத்தெட்டு வயதில் முதலாமாண்டு மருத்துவ மாணவி என்றால் யார் நம்புவார்கள்? இப்போது ‘ஆன்ட்டி’ என்கிறார்கள். அன்பாகத்தான் இருக்கிறார்கள். அதுதான் சந்தேகமாக இருக்கிறது. பரிவா, இல்லை நான் எப்போது விழுவேன் என்று காத்திருக்கிறார்களா?

சின்ன வயதில் போலியோ வந்த கால் என்று முதல்வரிடம் அன்றே சொல்லிவிட்டேன். உடற்கூறு வகுப்பில் மணிக்கணக்காக நிற்க வேண்டுமே என்றார். நிற்பேன் என்றேன். ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் நேற்று கேட்காமலே எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

அறைத்தோழிக்கு என் வயதில் பாதி. வாய் ஓயாது, ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று உங்கள் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

நம் பெண் குட்டி, அம்மா இல்லாமல் அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

உங்கள் அம்மு

ஆகஸ்ட் 19

அன்புள்ள அம்முவுக்கு,

கடையில் வியாபாரம் பரவாயில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அதைப் போட்டுப் பார்த்தால் வீட்டம்மாவுக்கு வயதாகிவிட்டது போலத் தெரிகிறதாம். கண்ணாடியை மாற்றித் தருகிறேன், மற்றதற்கு நான் பொறுப்பில்லை என்றேன்.

குட்டிக்கு நான் பின்னுகிற சடை தெரு முனை தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்கிறாள்.

ஸ்டூல் போட்டவருக்கு என்ன வயதிருக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

வகுப்புக்குப் போகும்போது பார்த்து ஏறு. அந்த வாசல் படியில் இடது பக்கம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. உனக்கோ இடது கால்தான் ஆகாது. முடியாவிட்டால் வந்துவிடு. யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன்.

உன் கண்ணாடிக்காரன்

செப்டம்பர் 2

என்னங்க,

உதவியாளர் ஓய்வு பெறப் போகிறவர். பேத்தி எடுத்தாயிற்று. நிம்மதியாகத் தூங்குங்கள்.

இனி நான் கேட்கிறேன். வாசல் படியில் கைப்பிடி இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லை. என்னைச் சேர்த்துவிட வந்தது அண்ணன். நீங்கள் இந்தக் கட்டடத்தைப் பார்த்ததே கிடையாது.

ரேடியோ உங்களுக்குப் போன் செய்கிறாளா? நேராகவே கேட்டேன். “எனக்கு வேற வேலை இல்லையா ஆன்ட்டி” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. கால் வலித்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். காலில் மாட்டும் காலிப்பரைக்கூட அவள் குளிக்கப் போன பிறகுதான் கழற்றுகிறேன்.

உண்மையைச் சொல்லுங்கள்.

அம்மு

செப்டம்பர் 12

அன்புள்ள அம்மு,

எந்தக் கல்லூரியில்தான் படிக்கு ஒழுங்கான கைப்பிடி இருக்கிறது? குத்துமதிப்பாக எழுதினேன். அதைப் போய்ப் பெரிதுபண்ணுகிறாய். அந்தப் பெண்ணைத் திட்டாதே. அவள் ஏதாவது சொல்லியிருந்தாலும் உன் நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பாள்?

நீ எப்போது வருவாய் என்று குட்டி இப்போதெல்லாம் கேட்பதில்லை.

உன் கண்ணாடிக்காரன்

செப்டம்பர் 27

கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு ரேடியோவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். வேவு பார்க்கிறவளோடு ஒரே அறையில் இருக்க முடியாது என்றேன். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

இன்று முதல்வர் கூப்பிட்டார். ரத்தப் பரிசோதனைப் படிப்பில் ஒரு இடம் காலியாகியிருக்கிறது, அதற்கு மாறிக்கொள்ளலாம், உட்கார்ந்தே படிக்கலாம் என்றார். பதினான்கு வருஷம் அந்த வேலையை உட்கார்ந்து செய்து சலித்துத்தானே இங்கே வந்தேன்? யார் கேட்டது என்றேன்.

“உங்க வீட்டுக்காரர்தான். ஜூலைல வந்தாரே. ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவுன்னு சொன்னாரே?”

அப்படி ஒரு பேச்சே நமக்குள் நடக்கவில்லை. ஆனாலும் அவர் முன்னால் உங்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “அவர் கண்ணாடி விக்கிறவர் சார். யாரைப் பாத்தாலும் ஏதோ குறை இருக்கிற மாதிரிதான் அவருக்குத் தெரியும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. டிசம்பர் செய்முறைத் தேர்வை மற்றவர்களைப் போல நின்று செய்துகாட்டினால் இங்கேயே படிக்கலாம், இல்லாவிட்டால் மாறித்தான் ஆக வேண்டும் என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

ஜூலையில் வந்திருக்கிறீர்கள். என்னைப் பார்க்காமல் போயிருக்கிறீர்கள். ஏன்?

அக்டோபர் 6

அம்மு,

சொல்லாமல் வந்து உன் முன்னால் நிற்க வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நீ வந்தாய். பிள்ளைகள் உன் இரண்டு பக்கமும் ஓடி ஏறினார்கள். நீ நடுவில் நின்று, கையால் காலைத் தூக்கி மேல் படியில் வைத்தாய். அப்புறம் அடுத்த படி. நம் வீட்டில் ஒரு நாளும் என் கண்ணெதிரே நீ அப்படிச் செய்ததில்லை. கிட்டே வந்தால் நான் பார்த்துவிட்டது உனக்குத் தெரிந்துபோகும். நேரே முதல்வர் அறைக்குப் போனேன்.

நீ விழுவதற்கு முன்னால் இறக்கிவிட நினைத்தேன். அது பாதிதான். டாக்டராகித் திரும்பி வந்தால் இந்தக் கடைக்குள் என் பக்கத்தில் வந்து உட்காருவாயா என்ற பயம் மீதி.

அந்தப் பெண் ஒரு தடவைகூட எனக்குப் போன் செய்ததில்லை. குட்டி கேட்பதில்லை என்று எழுதியதும் பொய், தினமும் உன்னைத்தான் கேட்கிறாள்.

உன்னவன்

டிசம்பர் 21

என்னங்க,

தேர்வு முடிந்தது. நின்றுதான் செய்தேன். கடைசியில் மேஜையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டேன். அதை யாரும் குற்றமாக எடுக்கவில்லை. தேறிவிட்டேன். மாற்றுகிற பேச்சை முதல்வர் பிறகு எடுக்கவில்லை.

ரேடியோவிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல ஆன்ட்டி” என்றாள். ஆனால் திரும்பி வரவில்லை. எதிரில் பார்த்தால் சிரிக்கிறாள், பேச்சு மட்டும் அளந்துதான் வருகிறது. அவளைச் சந்தேகப்பட்டது நான். அப்படியே சந்தேகப்படட்டும் என்று விட்டது நீங்கள். படியேறி முதல்வரிடம் போனதைக்கூட மறந்துவிடுவேன் போலிருக்கிறது. இதைத்தான் மறக்க முடியவில்லை.

கடையில் வந்து உட்காருவேனா என்று கேட்டிருந்தீர்கள். ஜூலையில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால், உட்காராமல் எங்கே போவேன் என்று சிரித்திருப்பேன். இப்போது தெரியவில்லை.

விடுமுறைக்கு வருகிறேன். குட்டியிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் கடிதங்களை இப்போதெல்லாம் இரண்டு தடவை படிக்கிறேன். முதல் தடவை ஆசையாக. அடுத்த தடவை, இதில் எது நிஜம் என்று பார்க்க. குட்டி தினமும் என்னைக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் அப்படித்தான் படித்தேன். இந்த இரண்டாவது தடவை எப்போது நின்றுபோகும் என்று எனக்கே தெரியாது. அதுவரைக்கும் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

அம்மு