ஆறரை அடிப் படுக்கை

பிப்ரவரித் திங்கள் 6

என் அன்புத் துணைவிக்கு,

இங்கு நலம். அங்கும் அதுவே நிறைக.

ஊர்தி பணிமனை போய்ச் சேர்ந்தது. முப்பது ஆண்டுகள் நீ ஆற்றின் நீரளவு பார்க்கப் போன கல்லிலும் சேற்றிலும் உன்னைச் சுமந்த அந்தக் கிழட்டு ஜீப்பைத் துறையினர் ஏலம் விட்டனர், நீ எடுத்தாய், மகிழ்ந்தேன். அதன் தலையை வெட்டி, உயர்ந்து தாழும் கூரை பொருத்தி, உள்ளேயே படுத்துறங்கும் சிறு வீடாக்குவேன் என்றாய், அதற்கும் மகிழ்ந்தேன். ஏப்ரலில் நீ ஓய்வு பெற்றதும் உன் ஆறு பிறக்கும் மலைவரை இருவரும் போகிறோம் என்று, என்னிடம் மனு எழுத வருவோருக்கெல்லாம் பறை சாற்றிவிட்டேன்.

கூரைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, முன்புறம் கீல் வைத்துப் பின்புறம் மட்டும் வாய் பிளப்பது. மற்றொன்று, நான்கு பக்கமும் ஒரே சீராக எழும்புவது. இரண்டிலும் சுற்றிலும் கித்தான் துணிதான் சுவர்.

"சார், முன்கீல் போட்டுக்குங்க. காத்து எவ்வளவு அடிச்சாலும் தாங்கும். உங்க ரெண்டு பேர் உயரத்துக்கு அதுலயே குனியாம நிக்கலாம்" என்றார்.

நானும் சரி என்றேன். அதன் பிறகுதான் நீ உறையிட்டு ஒட்டி அனுப்பிய தாளைக் கொடுத்தேன். உரக்கப் படித்தார். நேரே எழும்பும் கூரைதான் வேண்டும். கீழே ஒரு பலகை, ஐந்தடி ஏழு அங்குலம். மேலே ஒரு படுக்கை, ஆறரை அடி.

அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. "ஆளோட உயரம், கூட அரை அடி. அதான் என் கணக்கு. தரையில சாக்பீஸால கோடு கிழிச்சு ஆளைப் படுக்க வெச்சுப் பாத்துட்டுத்தான் கூரையில கத்தி வைப்பேன். வெட்டினா வெட்டினதுதான் சார், திரும்ப ஒட்ட முடியாது." சொல்லிவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "மேல யாரு சார் படுக்கப்போறாங்க?"

நீ ஐந்தடி ஒன்று; கீழ்ப்பலகை உனது. நானோ ஐந்தடி நான்கு. மேலே படுக்கப்போகும் அந்த ஆறடி யார்? கை தவறி எழுதியிருப்பாய், அணுவளவும் ஐயமில்லை. திருத்தி அனுப்பு.

உன்னவன்


பிப்ரவரி 13

அன்புள்ள அவருக்கு,

வாராவாரம் வரும் லாரி அரிசி, பேட்டரி, உங்கள் கடிதம் மூன்றையும் இறக்கிப் போட்டது. மூன்றில் கனமானது கடிதம்தான்.

முப்பது வருடமாக ஆற்றை அரை விரற்கடைகூடப் பிசகாமல் அளந்து எழுதுகிறவள் நான். ஆறரை அடி என்றால் ஆறரை அடிதான். மேலே காலை நீட்டிப் படுக்கலாம், கால்மாட்டில் பை வைக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்த ஆற்று அளவையகத்து அறையின் தாழ்ந்த வாசலில் உள்ளே வருகிறவர்கள் தலையை இடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் நேரே எழும்பும் கூரை கேட்டேன்.

இங்கே தொலைபேசிக் கோபுரம் எழுப்ப ஒரு குழு வந்திருக்கிறது. நான் ஓய்வு பெறும் நேரம் பார்த்து இந்த ஆற்றங்கரைக்கு சிக்னல் வருமாம். குழுவில் ஒருவன், நெட்டை என்று கூப்பிடுகிறார்கள். போன வெள்ளத்தில் சாய்ந்த என் அளவுக்கம்பத்தை அரை மணி நேரத்தில் நிமிர்த்திவிட்டான். சில நாள் இங்கேதான் சாப்பாடு. அவன் உட்கார்ந்தால் பானை காலி.

யார் யார் போகிறோம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள். மூடியிருக்கும் அந்த அறையைத் திறந்து கொஞ்சம் காற்றாவது விடுங்களேன்.

உங்கள் துணைவி


பிப்ரவரித் திங்கள் 20

அன்புத் துணைவிக்கு,

யார் யார் போகிறோம் என்பதைப் பிறகு பேசலாமா? பேச என்ன இருக்கிறது? கணவன் ஒருவன், மனைவி ஒருத்தி, ஊர்தி ஒன்று. இதில் ஆராய்ச்சிக்கு இடமேது? இடம் இருக்கிறது என்றால், அந்த இடத்தின் நீளம் ஆறரை அடி!

நாற்பது ஆண்டுகளாகப் பிறர் வழக்கை எழுதியவன் நான். எழுதச் சொல்பவர் எதைச் சொல்லாமல் விழுங்குகிறார் என்பதில்தான் வழக்கே இருக்கும். யாருக்குப் படுக்கை என்று கேட்டேன். பை வைக்கலாம் என்றாய். உயரும் கூரை ஏன் என்று கேட்டேன். வாசலில் தலை இடிக்கிறது என்றாய். யார் தலை? நீ இடித்துக்கொள்ள வழியில்லை. அடுத்த பத்தியிலேயே ஒரு நெட்டை வந்து நிற்கிறான். கம்பம் நிமிர்த்துகிறான். பானையைக் காலி செய்கிறான். ஆறடி இருப்பானா? ஒரு வரியில் பதில் எழுது.

கோபுரம் ஏறும் கூட்டமே எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். என் காதளவுகூட எட்டாத நம் மகன் அரைப்படி, பதினேழு வயதில் அந்தக் கிறுக்குப் பிடித்துத்தான் படிப்பை உதறிவிட்டு வாசல் தாண்டினான். ஆறு ஆண்டுகளாகப் பேசாத பேச்சை இப்போது எடுக்காதே. மூடிய அறை மூடியபடி இருக்கும்.

என் சொல் வரும்வரை கத்தி கூரையைத் தொடலாகாது என்று பணிமனையில் சொல்லிவிட்டேன். "ஃபைபர் கூரை வந்து எறங்கிடுச்சு சார், வெயில்ல கிடக்கு. உங்க வீட்டுச் சண்டைய சீக்கிரம் முடிங்க" என்கிறார் கூரைக்காரர். சண்டை என்று நான் சொல்லவே இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது, பார்!

உன்னவன்


பிப்ரவரி 27

அவருக்கு,

ஜீப் என் பெயரில் இருக்கிறது. கூரை நான் கேட்டது. வெட்டுவதை நிறுத்த நீங்கள் யார்?

இருபத்தொன்பது வருடம் உங்களோடு வாழ்ந்தவளிடம் ஆளின் உயரம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், ஆறடி. எழுதிவிட்டேன். நல்லவன். மழையில் நனைந்து வந்தால் என் துண்டை எடுத்துத் தலை துவட்டிக்கொள்கிற அளவுக்கு உரிமை உள்ளவன். இதையும் உங்கள் வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நினைப்பது எதுவும் இல்லை. என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல இப்போது எனக்கு அனுமதி இல்லை. வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். மற்றதை நேரில் சொல்கிறேன்.

துணைவி


மார்ச்சுத் திங்கள் 6

அன்புத் துணைவிக்கு,

உன் மடல் கண்டேன். சினமில்லை. மாத்திரை தவறாமல் விழுங்குகிறேன். முற்றத்துக் குழாயின் கசிவை அடைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

ஊர்தி அப்படியே நிற்கிறது. அவசரம் எதற்கு? உண்மை தானே வெளிவரும். அதற்கும் ஒரு காலம் உண்டு.

உன் ஆற்றங்கரையில் புதிய செய்தி ஏதேனும் உண்டா? கோபுரக் குழுவினர் எல்லாரும் நலந்தானே? ஒருவரும் குறையவில்லையே?

உன்னவன்


மார்ச் 20

அவருக்கு,

ஒருவர் குறைந்திருக்கிறார். நீங்கள் கேட்டபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். குழுவை வரிசையாக நிற்க வைத்து, பெயரில்லாத ஒரு மனுவை உரக்கப் படித்தார். "நெட்டை என்பான் உண்பதும் அளவையகத்தில், உறவாடுவதும் அளவையகத்தில், ஊழியம் மட்டும் எங்கே? அரசுக் கருவியைத் தொட அவனுக்கு உரிமை தந்தது யார்?" சிலர் சிரித்தார்கள். "இவன் தீயவன் என்பதில் அணுவளவும் ஐயமில்லை" என்ற இடம் வந்ததும் நெட்டையே சிரித்துவிட்டான். அங்கேயே அவன் கோபுரம் ஏறக் கட்டும் இடுப்புவாரைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை கோபுரம் ஏறக் கூடாது.

என் அறைக்கு வந்தான். வழக்கம்போல் வாசலில் இடித்துக்கொண்டான்.

"அம்மா, இது அப்பா தமிழ்" என்றான்.

"சேச்சே, அவர் இப்படியெல்லாம் செய்யமாட்டாருடா."

"நாப்பது வருஷம் ஊருக்கே மனு எழுதினவர்மா. பேரை எடுத்துட்டா ஆள் தெரியாதா? வரிக்கு வரி உக்காந்திருக்காரு."

ஆமாம். நெட்டைதான் நம் அரைப்படி.

நான்கு மாதத்துக்கு முன்பு லாரியிலிருந்து குழு இறங்கியது. கடைசியாக இறங்கியவன் நேரே என் வாசலுக்கு வந்து மடேரென்று இடித்துக்கொண்டு, "அம்மா, வாசல் ரொம்பத் தாழ்வா இருக்கும்மா" என்றான். எனக்கு முகம் தெரியவில்லை, குரல்தான் தெரிந்தது. பதினெட்டில் வளரத் தொடங்கினானாம். சிலர் அப்படித்தானாம். நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அன்று எனக்குக் கழுத்து வலி.

அவனை நீங்கள் கடைசியாகப் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? கூடம் நிறைய உறவினர். கோபுர வேலை கற்கப் போகிறேன் என்றான். "உன் உயரத்துக்கு ஏத்த ஆசைய வெச்சுக்கோடா அரைப்படி" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து லேசாகச் சிரித்தேன். அதற்கு அவன் என்னை மன்னித்துவிட்டான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஓய்வு பெற்றதும் அவனோடு மலைக்குப் போவதாகத் திட்டம். இரண்டு மாத விடுப்பும் கேட்டிருந்தான். "அப்பாகிட்ட இப்ப சொல்லாதம்மா" என்றான். ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் எனக்கும் உங்கள்மேல் சந்தேகம். தெரிந்தால் வெட்டுவதை நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். தெரியாமலேயே நிறுத்திவிட்டீர்கள்.

மனுவின் நகலை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். கிழித்துப் போடுடா என்றேன்.

"ஆறு வருஷத்துல அப்பா என்னைப் பத்தி எழுதின ஒரே கடுதாசிம்மா. இதையும் கிழிக்கச் சொல்றியா?" என்றான்.

துணைவி


மார்ச்சுத் திங்கள் 27

உனக்கு,

உன் மடலைப் பணிமனையில் நின்றுகொண்டே படித்தேன். கூரைக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டார்.

பிறகு அவரிடம் தரையில் ஆறரை அடிக்குக் கோடு போடச் சொன்னேன். போட்டார். அதற்குள் படுத்தேன்.

"நல்லா காலை நீட்டுங்க சார்."

நீட்டினேன்.

"இன்னும் நீட்டுங்க."

"இவ்வளவுதான் நான்" என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ, கை கொடுத்துத் தூக்கிவிட்டார். என் காதளவுகூட எட்டாதவன் என்னைத் தாண்டி எட்டு அங்குலம் போயிருக்கிறான். அவன் வளர்ந்த ஓர் அங்குலத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த உயரத்தைக் கொண்டுதான் அவனைக் குற்றவாளி என்று எழுதினேன்.

மறுநாளே பேருந்து ஏறிக் கோபுர ஒப்பந்தக்காரரின் அலுவலகம் போனேன். பெயர், முகவரி, தொழில், உறவு எல்லாம் எழுதிக் கையொப்பமிட்டு, புகார் பொய் என்று கொடுத்தேன். உறவு என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. அங்கிருந்த எழுத்தர் பெண் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "புகார் குடுத்ததும் நீங்க, வாபஸ் வாங்குறதும் நீங்க, அந்தப் பையனுக்கு அப்பாவும் நீங்களா? வீட்டுலயே பேசித் தீத்திருக்கலாமே சார்!"

அவனுடைய அறையைத் திறந்தேன். சன்னல் கொக்கி துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டிருக்கிறேன்.

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று உள்ளது. அவனுக்கு. நான்கே வரி. மனு அல்ல, எதையும் கோரவில்லை. நீ பிரிக்காதே.

கூரையை வெட்டச் சொல்ல மாட்டேன். இது வீம்பன்று. நிறுத்தியவன் நான், தொடங்கச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நீங்கள் இருவரும் சொல்லுங்கள். நான் போய்ச் சொல்கிறேன். மலைக்கு நீங்கள் போய் வாருங்கள். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மனு எழுதுபவன்


ஏப்ரல் 3

அன்புள்ள அவருக்கு,

கூரையை வெட்டச் சொல்லுங்கள். நேரே எழும்பும் கூரை. மேலே ஆறரை அடி. என் பலகை ஐந்தடி ஏழு. மாற்றமில்லை.

அவனுக்கு இடுப்புவார் திரும்பக் கிடைத்துவிட்டது. உங்கள் உறையை என் முன்னால் பிரிக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோபுரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டான். என்ன எழுதியிருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான்கு வரி படிக்க அவ்வளவு நேரமா ஆகும்? இறங்குவதற்குள் என் உலையில் தண்ணீர் வற்றிவிட்டது.

இறங்கி வந்து, கூரைக்காரருக்கு எழுதி வைத்திருந்த தாளை என் கையிலிருந்து வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தான். கீழே, என் பலகைக்கு எதிரே, இன்னொரு பலகை வேண்டுமாம். ஐந்தடி பத்து அங்குலம்.

அந்த அளவு நான் சொன்னதல்ல. சந்தேகமாக இருந்தால், கோடு போட்டுப் படுத்துப் பாருங்கள்.

உங்கள் துணைவி