பேட்டரிக்கு இரண்டு கம்பளி

லடாக்
9.11.2025

அன்புள்ள மணிமொழிக்கு,

கலையரசன் எழுதுவது. நான் நல்லபடியாக இருக்கிறேன். நீயும் கவியாவும் அங்கே மழையில் நனையாமல் இருக்கிறீர்களா? கூரைமேல் போட்ட தார்ப்பாய் தாங்குகிறதா?

நம் ஊர் சிம் இங்கே வெறும் பொம்மை. வெளியூர் ப்ரீபெய்டு எதுவும் வேலை செய்யாது என்று லே டவுனிலேயே சொல்லிவிட்டார்கள். வாரம் ஒரு தடவை காய்கறி வண்டி வரும். அந்த டிரைவரிடம் கொடுத்தால் கடிதத்தைப் போஸ்ட் ஆபீசில் போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

வேலை இதுதான். சினிமாக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்களே கேரவன், அதுபோல இரண்டு வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, குழாய், கக்கூஸ் எல்லாம் உண்டு. இத்தனை நாள் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு சுற்றினோம். இப்போது வண்டிகளை ஆற்றோரம் நிறுத்திவிட்டு முதலாளி டெல்லிக்குப் போய்விட்டார். குளிர்காலம் முழுக்க இங்கே காவல் நானும் செழியனும்தான். செழியன் மணலூர்பேட்டைக்காரன், அடுத்த வண்டி டிரைவர். என்னைவிடச் சின்னவன். வாய் ஓயாது.

காவல் திருடனுக்காக இல்லை, குளிருக்காக. தண்ணீர் உறைந்தால் பெரிதாகிவிடுமாம். டேங்க்கிலோ குழாயிலோ கொஞ்சம் நின்றாலும் போதும், பிளந்துவிடும். சார்ஜ் இறங்கின பேட்டரியும் உள்ளே உறைந்து வீணாகிவிடும். வெள்ளிமலை ரோட்டில் ஜீப் ஓட்டினபோது ரேடியேட்டர் கொதித்துத்தான் பார்த்திருக்கிறேன். உறைந்து பார்த்ததில்லை.

ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. முதலாளி ஆளுக்கொரு நீலக் கேன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் குழாய்க்குள் ஊற்றி வைத்தால் உறையாதாம். மேலே ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருக்கிறது, இருக்கிற பாதியும் இங்கிலீஷ். மூடியைத் திறந்தேன். ஸ்பிரிட் வாடை. உடனே மூடிவிட்டேன்.

நான் புறப்பட்ட அன்று நீ வாசலை அடைத்துக்கொண்டு நின்று சொன்னது மறக்கவில்லை. "சித்திரை வரைக்கும் ஒரு சொட்டு இல்லாம இருந்துட்டு வாங்க. அப்பாலதான் இந்த வூடு." தினமும் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கவியாவுக்கு என் முத்தம்.

உன்
கலையரசன்


கருணாபுரம், கள்ளக்குறிச்சி
20.11.2025

கவியா அப்பாவுக்கு,

மணிமொழி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். தார்ப்பாய் தாங்குகிறது, எனக்குத்தான் தாங்கவில்லை.

கடிதம் வந்த சந்தோஷத்தில் சத்தமாகப் படித்தேன். கவியா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேன் வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். "ஏம்மா நிறுத்திட்ட? அப்பா இன்னா எழுதிகீறாரு?" என்றாள். குளிர் ஜாஸ்தியாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

உங்களுக்கு அறிவு இருக்கிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்காமல் இருக்க முடியவில்லை. போன வருடம் ஆனி மாதம் உங்கள் தம்பி சுபாஷை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேனே, பிணமாகத் திரும்பினானே, அதற்குள் மறந்துவிட்டதா? அன்று நீங்கள் மலைக்குச் சவாரி போயிருந்ததால் பிழைத்தீர்கள். சவாரி இல்லையென்றால் அந்தச் சாராயப் பாக்கெட்டில் பாதி உங்களுக்குத்தான். நம் தெருவில் அந்த வாரம் சாவுக்குச் சாமியானா போடாத வீடு எது என்று தேட வேண்டியிருந்தது. அத்தனையும் பார்த்த பிறகும் நீங்கள் குடித்துவிட்டு வந்து நின்றீர்கள். அதனால்தான் வாசலை அடைத்தேன்.

இப்போது குளிர், பேச ஆள் இல்லை, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு கேன். கொஞ்சம் குடித்தால் உடம்பு சூடாகும் என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதாதா? அதைக் கொட்டிவிடுங்கள். முடியாதென்றால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அவர்கள் குழாய் பிளந்தால் வேறு குழாய் வாங்கிக்கொள்வார்கள். எனக்கு வேறு ஆள் எங்கே கிடைப்பார்?

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மழையில்லாத நாளில் வேலை உண்டு. ஆறு உறைந்தால் உள்ளே இருக்கிற மீன் என்ன செய்யும் என்று கவியா கேட்கிறாள். அதற்கும் பதில் எழுதுங்கள்.

மணிமொழி


லடாக்
4.12.2025

அன்புள்ள மணிமொழிக்கு,

உன் கடிதத்தை வாங்கும்போது என் விரல் மரத்துப்போயிருந்தது. படித்ததும் காது வரைக்கும் சூடாகிவிட்டது. நீ திட்டியதில் தப்பே இல்லை.

ஆனால் இனி பயப்படாதே. கேன் இப்போது என்னிடம் இல்லை. உனக்கு எழுதின மறுநாளே செழியனிடம் கொடுத்துவிட்டேன். "ஏன்ணே, உங்களுக்கு வாணாமா?" என்றான். "எனக்கு வாணாம்டா, நீயே வச்சிக்க" என்றேன். அவன் வண்டியில்தான் இருக்கிறது. கொட்டினால் முதலாளி வந்து கேட்பார். இப்படியென்றால் கேனும் இருக்கும், நானும் சுத்தம்.

அது இல்லாமலே என் வண்டியைக் கட்டிக் காப்பாற்றிவிட்டேன், கேள். டேங்க்கின் அடிமூடியைத் திறந்து தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை வடித்தேன். சுடுதண்ணீர் டேங்க்கையும் விடவில்லை. பிறகு டயருக்குக் காற்றடிக்கிற கால் பம்ப்பைக் குழாயில் மாட்டி மிதி மிதியென்று மிதித்தேன். ஒவ்வொரு குழாயிலும் கொர்ரென்று வெறும் காற்று வரும்வரை விடவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வளைவாக ஒரு குழாய் இருக்கிறது. அந்த வளைவில் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். கோவணம் அகலத்துக்குத் துணியைக் கிழித்து உள்ளே விட்டு ஊற வைத்து எடுத்தேன். குழாய்களைத் திறந்தே விட்டிருக்கிறேன்.

பேட்டரிகளைக் கழற்றி, ஆற்றோரத்தில் நான் படுக்கிற மண்சுவர் அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். அங்கே தகர அடுப்பு எரியும். அடுப்புக்கு ஒட்டாமல் பலகைமேல் வைத்து, வெயில் வரும்போது சோலார் தகட்டில் சார்ஜ் ஏற்றுகிறேன். பேட்டரிக்கு இரண்டு கம்பளி, எனக்கு ஒன்று. செழியன் சிரிக்கிறான். "இன்னாண்ணே, அண்ணிய வுட்டுட்டு பேட்டரிய கட்டிக்கினு தூங்குறீங்க?" அவன் தன் வண்டியில்தான் படுக்கிறான். பாட்டுப் போட்டுப் போட்டே பேட்டரியைக் காலி செய்கிறான். சொன்னால் காதில் ஏறாது.

கவியாவிடம் சொல், ஆறு மேலேதான் உறைகிறது. அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மீன் அங்கே பத்திரமாக இருக்கும்.

உன்
கலையரசன்


கருணாபுரம்
15.12.2025

கவியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று காலை வந்தது. விடிந்ததும் எழுதுகிறேன். இது சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

"கேனும் இருக்கும், நானும் சுத்தம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கையில் இருந்தால் விஷம், செழியன் கையில் இருந்தால் மட்டும் பன்னீரா?

நேற்றே மணலூர்பேட்டைக்கு ஓடினேன். விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். மனைவி பெயர் செந்தமிழ்ச்செல்வி. இடுப்பில் இன்னும் பல் முளைக்காத குழந்தை. செழியனும் குடிக்கிறவர்தானாம். "இப்ப நிறுத்திட்டேன்னு சொல்லிட்டுதான் போனாருக்கா. குளிர்ல மறுபடி ஆரம்பிச்சிடுவாரோன்னுதான் பயமா கீது" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். கேனைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை, குடித்தேன் என்று பேர் பண்ணிவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் முதலாளி நம்பருக்குப் போன் போட்டேன். இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை.

இதைப் படித்த உடனே எழுந்து போங்கள். இரண்டு கேனையும் வாங்கி ஐஸ்மேல் கொட்டுங்கள். முதலாளி கேட்டால் மணிமொழி கொட்டச் சொன்னாள் என்று சொல்லுங்கள். நூறு முறை சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். சுபாஷ் காலையில் எழுந்து, "அண்ணி, இன்னா ஒரே புகையா கீது? அடுப்பு எரியுதா?" என்று கேட்டான். நான் அடுப்பே மூட்டவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மோர் கரைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தேன். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் செழியன் புகை என்று சொன்னால் ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள்.

மணிமொழி


லே டவுன், ஆஸ்பத்திரி
2.1.2026

அன்புள்ள மணிமொழிக்கு,

செழியன் உயிரோடு இருக்கிறான். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தைக் காய்கறி வண்டி டிரைவர் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார், அதற்கு முந்தின நாளே அது நடந்துவிட்டது. காலையில் என் அறைக்கு வந்தவன் கதவிலேயே நின்றான். கையால் முகத்துக்கு முன்னால் விலக்கினான். "இன்னாண்ணே இவ்ளோ புகை? கதவ தெறந்து வுடக் கூடாதா?" என்றான். அடுப்பு முந்தின நாளே அணைந்திருந்தது. விறகு ஈரம், இன்னும் பற்றவைக்கவில்லை. சுபாஷ் சொன்னதாக நீ சொல்லிச் சொல்லி அழுவாயே, அதே பேச்சு. அதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவன் வண்டி வெளியே எடுக்க வசதியாக நின்றது. ஓடிப் பார்த்தால் அதன் பேட்டரி உறைந்து வீங்கிப் பிளந்து கிடந்தது. கம்பளிக்குள்ளிருந்த என் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடி என் வண்டியில் மாட்டினேன். டீசல் டேங்க்குக்கு அடியில் தகரத்தில் டீசல் துணியைக் கொளுத்திச் சூடு காட்டினேன். சாவியைத் திருப்பும்போது உன் பெயரைத்தான் சொன்னேன். வண்டி பிடித்துக்கொண்டது. அவனைப் பின்னால் கட்டிலில் போட்டுக் கயிற்றால் கட்டிவிட்டு ஐஸ் ரோட்டில் இறங்கினேன். ஒரு திருப்பத்தில் சறுக்கிப் பாறையில் உரசிவிட்டது. நிறுத்தவில்லை.

கேனையும் கூடவே கொண்டுபோயிருந்தேன். டாக்டர் அந்தக் கிழிந்த தாளைப் படித்துச் சொன்னார். நம் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டார்களே, அந்தச் சாராயத்தில் கலந்திருந்த விஷத்தின் அதே பெயர்.

செழியனுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நிழல்போலத் தெரிகிறது என்கிறான். இனி வண்டி ஓட்ட முடியாது. அவன் வண்டிக் குழாய்கள் மட்டும் ஒன்றும் ஆகாமல் நன்றாக இருக்கின்றன.

கேட்காமலே அவன் ஒன்று சொன்னான். "என் கேன் பைப்புக்கே பூடுச்சிண்ணே. நீங்க குடுத்த கேன்ல இருந்துதான் எடுத்தேன்." குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னான்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் போன் கொடுத்தார். செந்தமிழ்ச்செல்விக்குப் பேசினேன். கேனை யார் கொடுத்தது என்று அவளிடம் சொல்லவில்லை. உன் நம்பரையும் போட்டேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நீ கேட்டால் என்ன சொல்வேன்?

நான் ஒரு சொட்டுத் தொடவில்லை, மணிமொழி. நீ நம்புவாய். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு உன் வாசலுக்கு வர எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் வண்டியை எடுத்ததற்கு முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். செழியனை அனுப்பியதும் எங்கே போவது என்று தெரியவில்லை. நீ சொல்.

கலையரசன்


கருணாபுரம்
19.1.2026

கவியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் தொடவில்லை என்பதை நம்புகிறேன்.

உங்கள்மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், வாசலை அடைத்து நின்றபோது உங்கள் வயிற்றுக்குள் போவதைப் பற்றி மட்டும்தான் நானும் நினைத்தேன். அடுத்தவர் வயிறு எனக்கும் ஞாபகம் வரவில்லை. மணலூர்பேட்டையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தவள்தானே நானும்.

பொங்கலுக்கு முன்னால் மறுபடியும் அங்கே போயிருந்தேன். செந்தமிழ்ச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க வூட்டுக்காரரு எங்களுக்குச் சாமிக்கா. கண்ணு போனா போவுது, ஆள குடுத்தாரே" என்றாள். புறப்படும்போது இரண்டு கரும்பை வெட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அப்போது உங்கள் கடிதம் வரவில்லை, அவர் எந்தக் கேனிலிருந்து குடித்தார் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்த பிறகு அந்தக் கரும்பைப் பார்க்கவே முடியவில்லை. சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். கவியா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் இன்னும் கொடுக்கவில்லை.

நேற்று நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். திரும்பிவிட்டேன். அதை நான் சொல்லக் கூடாது.

எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். செழியனைத் தனியாக அனுப்பாதீர்கள். கண் தெரியாத ஆளை ரயிலில் யாரை நம்பி விடுவது? நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். நேரே இங்கே வர வேண்டாம். மணலூர்பேட்டையில் இறங்கி, கையைப் பிடித்து அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வையுங்கள். பிறகு செந்தமிழ்ச்செல்வியிடம், அந்தக் கேனைக் கொடுத்தது நான்தான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் திட்டினால் நின்று கேளுங்கள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் இனி என்ன வேலை செய்து பிழைப்பார் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். நானும் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அதை முடித்துவிட்டு கள்ளக்குறிச்சி பஸ் ஏறுங்கள். சித்திரை வரைக்கும் இருக்க வேண்டாம். கரும்பு காய்வதற்குள் வந்துவிடுங்கள், கவியாவுக்கு நீங்களே வெட்டிக் கொடுக்கலாம்.

நான் வாசலில் நிற்க மாட்டேன். உள்ளே வேலையாக இருப்பேன், நீங்கள் பாட்டுக்கு வாருங்கள். வீட்டில் கம்பளி ஒன்றுதான் இருக்கிறது. இங்கே பேட்டரி இல்லை, அதனால் அது உங்களுக்குத்தான்.

உங்கள்
மணிமொழி